வெள்ளை ரோஜாவும் 2,300 பக்கங்களும்: போப் பிரான்சிஸ் மறைவு, ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள். ரோமில் காலை 9.47, நம் கடிகாரத்தில் மதியம் ஒன்றேகால். போப் தங்கியிருந்த காசா சாந்தா மார்த்தா விடுதியின் சிற்றாலயத்தில் கர்தினால் கெவின் ஃபேரல் மைக் முன்னால் வந்து நின்று, காலை 7.35-க்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தந்தையின் இல்லம் திரும்பிவிட்டார் என்று அறிவித்தார். முந்தின நாள்தான் அந்த மனிதர் புனித பேதுரு பேராலய மாடத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்து, திணறிய குரலில் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லி, அப்புறம் திறந்த வண்டியில் சதுக்கத்தைச் சுற்றி, நீட்டிய குழந்தைகளுக்கெல்லாம் ஆசி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நேற்றுத்தானே பார்த்தோம் என்ற திகைப்பு முதலில் வந்தது. அழுகை அதற்கப்புறம்தான்.

இத்தனைக்கும் திகைக்க ஒன்றுமில்லை. வயது 88. பிப்ரவரி 14 முதல் மார்ச் 23 வரை 38 நாள் ஜெமெல்லி மருத்துவமனையில், இரண்டு நுரையீரலிலும் நிமோனியாவோடு கிடந்தவர். மார்ச் 6 இரவு சதுக்கத்தில் செபமாலை சொல்லக் கூடியிருந்தவர்களுக்கு அவருடைய குரல் பதிவு ஒன்றைப் போட்டார்கள். ஸ்பானிய மொழியில், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, உங்கள் செபத்துக்கு நன்றி என்கிறார். சில நொடிகள்தான், கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வத்திக்கான் மருத்துவர் கொடுத்த சான்றிதழ் பக்கவாதம், கோமா, இதயச் செயலிழப்பு என்று வரிசையாகச் சொன்னது.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து மே 8-ஆம் தேதி புதிய போப் மாடத்தில் வந்து நிற்கும் வரை நடந்தது துக்கமா வழக்கா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடந்தன. எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சிஸ் செய்கையால் பேசிய போப். அவர் யாரிடம் போனார், யார் காலைக் கழுவினார், யாரைக் கட்டிக்கொண்டார் என்பது ஒரு கணக்கு; திருச்சபையின் சட்டப் புத்தகத்தில் என்ன மாற்றினார் என்பது இன்னொரு கணக்கு. அழுதவர்கள் முதல் கணக்கைப் பார்த்து அழுதார்கள், சண்டை போட்டவர்கள் இரண்டாவதைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். இரண்டு தரப்பிலும் பொய் சொன்னவர்கள் குறைவு.

ஒரே பெட்டி, தரையோடு ஒரு கல்

தன் சாவைக்கூட அவர் முன்கூட்டியே திருத்தி எழுதி வைத்திருந்தார். போப்பின் அடக்கச் சடங்கு நூலின் புதிய பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு முன் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகள். இப்போது உள்ளே துத்தநாகத் தகடு வைத்த ஒரே மரப்பெட்டி. உயரமான மேடையில் உடலைக் கிடத்துவதும் கிடையாது. புதன்கிழமை பேராலயத்துக்குக் கொண்டுவந்தபோது பெட்டி கிட்டத்தட்டத் தரைமட்டத்தில் இருந்தது. கைவிரலில் செபமாலை, காலில் சாதாரணக் கறுப்புக் காலணி. போப்புகளுக்கு வழக்கமான சிவப்புக் காலணியை 12 வருடமும் தொடாதவர் போகும்போது மட்டும் போட்டுக்கொள்வாரா?

நள்ளிரவில் கதவைச் சாத்துவதாகத்தான் ஏற்பாடு. வரிசை முடியாததால் முதல் இரவு அதிகாலை 5.30 வரை திறந்தே வைத்திருந்து, ஒன்றரை மணி நேரம் மட்டும் மூடி மறுபடி திறந்தார்கள். மூன்று நாளில் சுமார் 2,50,000 பேர் வந்ததாக வத்திக்கான் சொன்னது. மணிக்கணக்கில் நின்று உள்ளே வந்தவர்களில் சிலர் பெட்டிக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தார்கள், அப்புறம் ஊழியர்கள் போனை உள்ளே வையுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இழவு வீட்டில் செல்ஃபி என்பது நமக்கும் புதிதில்லை, தலைவர்கள் செத்தபோதெல்லாம் பார்த்திருக்கிறோம், அதனால் ரோமைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் புதன்கிழமை எல்லார் கண்ணிலும் பட்டவர் ஒரு சின்ன உருவக் கன்னியாஸ்திரி. ஜெனவியேவ் ஜானிங்ரோஸ், 80 வயது கடந்தவர். முதுகில் பையோடு, கர்தினால்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு வந்து பெட்டியருகே நின்று அழுதுகொண்டே இருந்தார். நெறிமுறைப்படி அவர் அங்கே நிற்கக் கூடாது. யாரும் போகச் சொல்லவில்லை. ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியாவில், பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில், வண்டி வீட்டில் சர்க்கஸ்காரர்களோடு வாழ்கிறவர். அந்தப் பக்கத்துத் திருநங்கைகளைக் கூட்டிக்கொண்டு போப்பின் புதன்கிழமைச் சந்திப்புக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர். அவருடைய அத்தை லியோனி டுக்கே, 1977-ல் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி கடத்திக் கொன்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி. அதே ராணுவ ஆட்சிக் காலத்தில் அந்நாட்டு இயேசு சபையின் தலைவராக இருந்தவர்தான் பெட்டியில் கிடந்த பிரான்சிஸ், அன்றைக்குப் பெயர் பெர்கோலியோ. 1976-ல் அவருக்குக் கீழிருந்த ஓர்லாந்தோ யோரியோ, பிரான்ஸ் யாலிக்ஸ் என்ற இரண்டு குருக்களை ராணுவம் பிடித்து ஐந்து மாதம் அடைத்துவைத்தபோது அவர் என்ன செய்தார், செய்யவில்லை என்ற கேள்வி சாகும்வரை அவரை விடவில்லை. பெர்கோலியோ தன்னைக் கைவிட்டார் என்ற எண்ணத்தோடே யோரியோ 2000-ல் இறந்தார். யாலிக்ஸ், தங்களைக் காட்டிக்கொடுத்தது பெர்கோலியோ இல்லை என்று 2013-ல் எழுதினார். ஒரே சம்பவம், பாதிக்கப்பட்ட இரண்டு பேர், இரண்டு தீர்ப்பு. பிரான்சிஸ் விஷயத்தில் இது திரும்பத் திரும்ப வரும்.

வெள்ளிக்கிழமை இரவு பெட்டியை மூடும் சடங்கு. அதற்குப் பெயர் குறிப்பிடப்பட்ட கர்தினால்களில் லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் பேராயர் ரோஜர் மஹோனியும் ஒருவர். குழந்தைகளைச் சீரழித்த குருக்களை அவர் மறைத்துக் காத்தது கோப்புகளில் அம்பலமாகி, 2013-ல் அவருக்கு அடுத்து வந்த பேராயரே அவரைப் பொதுப்பணிகளிலிருந்து விலக்கிவைத்தார். மூப்பு வரிசைப்படி வந்த பெயர் என்று விளக்கம் வந்தது. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் கொதித்தன. மூன்று பெட்டியை ஒன்றாக்கும் அளவுக்குச் சடங்கைப் பிரித்துப் போட்ட மனிதருக்கு, அதை மூடும்போது யார் நிற்கிறார்கள் என்பது மூப்புப் பட்டியல் போட்டபடி நடந்துவிட்டது. வழக்கு முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது என்பேன்.

சனிக்கிழமை அடக்கம். 91 வயது கர்தினால் ஜோவன்னி பத்திஸ்தா ரே மறையுரை ஆற்றினார். சுவரைக் கட்டாதீர்கள், பாலம் கட்டுங்கள் என்று பிரான்சிஸ் சொன்னதை அவர் நினைவுபடுத்தியபோது ட்ரம்ப் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திருப்பலிக்குச் சற்று முன் பேராலயத்துக்குள் இரண்டு நாற்காலி போட்டு ட்ரம்பும் ஜெலென்ஸ்கியும் முட்டி இடிக்கப் பேசிய படம் இறந்தவரின் படத்தையே ஓரம் கட்டிவிட்டது. 2024 மார்ச்சில் உக்ரைன் "வெள்ளைக் கொடி" பிடிக்கும் துணிவு காட்ட வேண்டும் என்ற பொருளில் பேசி உக்ரைனியர்களைக் கடுப்பேற்றியவரும் இதே பிரான்சிஸ்தான்.

பிறகு பெட்டியை வண்டியில் ஏற்றி, கொலோசியம் வழியாக ஊருக்கு நடுவே சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்துக்குக் கொண்டுபோனார்கள். சதுக்கத்திலும் வழியிலுமாக நாலு லட்சம் பேர். அந்தக் கோவிலின் படிக்கட்டில் சுமார் 40 பேர், வீடில்லாதவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், அகதிகள், திருநர்கள், ஆளுக்கொரு வெள்ளை ரோஜாவோடு நின்றார்கள். ஜனாதிபதிகளுக்குச் சதுக்கத்தில் நாற்காலி, கடைசி வழியனுப்பு இவர்களுக்கு. வத்திக்கானுக்கு வெளியே ஒரு போப் அடக்கம் செய்யப்படுவது நூறு வருடத்துக்கு மேல் நடக்காதது.

2022 ஜூனில் எழுதிய உயிலில் கல்லறை மண்ணில் இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, எழுத்து ஒரே ஒரு சொல், FRANCISCVS என்பதைத் தமிழில் சொன்னால் பிரான்சிஸ்குஸ், அவ்வளவுதான் என்று கேட்டிருந்தார். அப்படியே செய்தார்கள், ஆனால் கல்லில் எழுத்துகளுக்கு இடையே விட்ட இடைவெளி கோணலாகிவிட்டது. முதல் மூன்று எழுத்து தள்ளித் தள்ளி, நடுவில் நெருக்கி, கடைசி இரண்டு எழுத்து மறுபடி தனியாக. உலகத்து எழுத்துரு வடிவமைப்பாளர்கள் பூராவும் ஒரு வாரம் இதையே பேசினார்கள். எளிமை என்று சொல்லி வேலையைச் சரியாகச் செய்யாமல் விட்டுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. பாப்பரசர் ஆட்சிக்கே இது பொருந்தும் என்று அவரைப் பிடிக்காதவர்கள் சிரித்திருப்பார்கள்.

சிலி

அவர் ஆட்சியை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் சிலியில்தான் பார்க்க வேண்டும்.

பெர்னாண்டோ கராதிமா, சாந்தியாகோவின் பணக்காரப் பங்கு ஒன்றின் செல்வாக்கான குரு, சிறுவர்களைப் பல வருடம் சீரழித்தவர். 2011-ல் வத்திக்கானே குற்றவாளி என்று சொன்னது. அவருடைய சீடர் ஹுவான் பாரோஸ் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார் என்பது பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியம். பாரோஸ் அதை மறுத்தார். 2015 ஜனவரியில் பிரான்சிஸ் அந்த பாரோஸை ஓசோர்னோ மறைமாவட்டத்துக்கு ஆயராக்கினார். பதவியேற்புத் திருப்பலியிலேயே கறுப்பு உடையில் மக்கள் கூச்சல். பிரான்சிஸ் அசையவில்லை. அந்த மே மாதம் சதுக்கத்தில் தன்னிடம் கேட்ட ஒருவரிடம், ஓசோர்னோ மக்கள் முட்டாள்தனத்தால் துன்பப்படுகிறார்கள், இடதுசாரிகள் பேச்சைக் கேட்கிறார்கள் என்று சொன்னது வீடியோவில் இருக்கிறது. ஏழைகளின் போப் என்று உலகம் கொண்டாடிக்கொண்டிருந்த வருடம் அது, சுற்றுச்சூழல் பற்றிய லவுதாத்தோ சீ திருமடல் வந்த அதே 2015.

2018 ஜனவரியில் சிலிக்கே போனார். பயணத்தின் கடைசி நாள், இக்கிகேயில், ஒரு நிருபர் பாரோஸைப் பற்றிக் கேட்க, ஆதாரம் கொண்டுவாருங்கள் அன்றைக்குப் பேசுகிறேன், ஒரு துண்டு ஆதாரமும் இல்லை, எல்லாம் அவதூறு, புரிகிறதா என்று வெடித்தார். கூடவே இருக்கும் கர்தினால் ஷான் ஓமாலியே, பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பெரும் வலி என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார். கர்தினால்கள் போப்பை இப்படி ஊரறியத் திருத்துவது அபூர்வம். பிப்ரவரியில் இன்னொன்று தெரிந்தது: பாதிக்கப்பட்ட ஹுவான் கார்லோஸ் குரூஸ் எழுதிய எட்டுப் பக்கக் கடிதம் 2015-லேயே போப்பிடம் சேர்க்கச் சொல்லி ஓமாலி கையில் கொடுக்கப்பட்டிருந்தது.

இங்கே வேறொரு போப் என்றால் கதை முடிந்திருக்கும். பிரான்சிஸ் மால்டாவின் பேராயர் சார்ல்ஸ் ஷிக்ளூனாவை அனுப்பினார். 64 சாட்சியம், 2,300 பக்க அறிக்கை. ஏப்ரலில் சிலி ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், நான் கடுமையாகத் தவறிவிட்டேன் என்று எழுதினார், சரியான தகவல் எனக்கு வரவில்லை என்பதையும் சேர்த்து. குரூஸ் உட்பட மூவரைத் தன் விடுதிக்கே அழைத்து நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டார், இந்தச் சிக்கலில் நானும் ஒரு பகுதி என்று அவர்களிடம் சொன்னதாக அவர்களே வெளியில் வந்து சொன்னார்கள். மே மாதம் 34 சிலி ஆயர்களை ரோமுக்கு வரவழைத்தார். பதவியில் இருந்த அத்தனை பேரும் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாட்டின் ஆயர் பேரவை மொத்தமாக ராஜினாமா கொடுத்தது கேள்விப்படாத விஷயம். பாரோஸ் ஜூனில் போனார், கராதிமா செப்டம்பரில் குருத்துவத்திலிருந்தே நீக்கப்பட்டார்.

குரூஸ் அப்புறம் போப்பின் நண்பரானார், சிறார் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரானார், பிரான்சிஸ் இறந்தபோது வெளிப்படையாகக் கலங்கியவர்களில் ஒருவர். அவர் அழுதது நிஜம். அதே நாளில் பாதிக்கப்பட்டோர் அமைப்புகள், உச்ச அதிகாரம் கையில் இருந்தும் தேவையானதைச் செய்யவில்லை என்று அறிக்கை விட்டதும் நிஜம். அவர்கள் சுட்டுவது எளிதில் தள்ளக்கூடியதில்லை. 2019-ல் புகார்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கும் விதி வந்தது, போப்பின் ரகசியக் காப்பு இவ்வழக்குகளுக்கு நீக்கப்பட்டது, மெக்காரிக் என்ற முன்னாள் கர்தினால் குருத்துவத்தையே இழந்தார், சரி. ஆனால் ஒவ்வொரு பெரிய வழக்கிலும் ஒரு நல்ல முடிவுக்கு அவர் நேரில் இறங்க வேண்டியிருந்தது. ஆள் தெரிந்தவராக இருந்தால் அவருக்குக் கண் மறைத்தது. அர்ஜென்டினா ஆயர் குஸ்தாவோ சான்செட்டாவுக்கு வத்திக்கானில் வேலை போட்டுக் கொடுத்தார், அந்த ஆளை 2022-ல் அர்ஜென்டினா நீதிமன்றம் தண்டித்தது. ஆணையத்திலிருந்து பாதிக்கப்பட்டவரான மேரி காலின்ஸ் 2017-லும் இயேசு சபைக் குரு ஹான்ஸ் சோல்னர் 2023-லும் வெறுத்து விலகினார்கள். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த போப், அவர் மன்னிப்புக் கேட்காமலே வேலை நடக்கும் ஏற்பாட்டை விட்டுப் போகவில்லை.

மற்ற சண்டைகள்

இதே கோடுதான் மற்றவற்றிலும். 2013-ல் விமானத்தில் தன்பால் ஈர்ப்புள்ள குருக்களைப் பற்றிக் கேட்டபோது "தீர்ப்பிட நான் யார்" என்றார். பத்து வருடம் கழித்து 2023 டிசம்பரில் ஒருபால் இணையர்க்கு எளிய ஆசி வழங்கலாம் என்று ஆவணம் வந்தது, அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஆயர்கள் கர்தினால் அம்போங்கோ தலைமையில் எங்கள் ஊரில் இது நடக்காது என்றார்கள், போப் அதையும் ஏற்றுக்கொண்டார். திருச்சபைப் போதனை அப்படியே இருந்தது. 2024 மே மாதம் மூடிய அறையில் குருமாணவர்களைப் பற்றிப் பேசும்போது தன்பால் ஈர்ப்பாளர்களை இழிவாகக் குறிக்கும் இத்தாலியக் கொச்சைச் சொல் ஒன்று அவர் வாயில் வந்து, வத்திக்கான் மன்னிப்புக் கேட்டது.

பெண்கள் விஷயத்தில் 2023 ஆயர் மாமன்றத்தில் முதல்முறை வாக்குரிமை, வத்திக்கான் நிர்வாகத்தில் பெரிய நாற்காலிகள், ஆனால் குருவுக்கு அடுத்த கீழ்நிலையான திருத்தொண்டர் பட்டம் பெண்களுக்குக் கொடுப்பது பற்றி ஒன்றுக்கு இரண்டு ஆணையம் போட்டும் கதவு திறக்கவில்லை. பழமைவாதிகளுக்கு இந்தளவே அதிகம். 2021-ல் பழைய லத்தீன் திருப்பலிக்கு அவர் போட்ட கட்டுப்பாட்டை அவர்கள் மன்னிக்கவே இல்லை. இந்த ஆட்சியைப் பேரழிவு என்று வர்ணித்துப் புனைபெயரில் சுற்றிய குறிப்பு ஒன்று, 2023 ஜனவரியில் கர்தினால் ஜார்ஜ் பெல் இறந்தபிறகு, அவர் எழுதியது என்று தெரியவந்தது.

அர்ஜென்டினாவின் சோகம் வேறு மாதிரி. ஏழு நாள் துக்கம் அறிவித்தவர், ஒரு காலத்தில் அவரைப் பூமியில் சாத்தானின் பிரதிநிதி என்று திட்டிய ஜனாதிபதி மிலேய். புவனஸ் ஐரிஸில் அழுத மக்களுக்கு ஒரு மனக்குறை: 47 வெளிநாட்டுப் பயணம், பிரேசில், பொலிவியா, பராகுவே, சிலி என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவர், 12 வருடத்தில் சொந்த ஊர் வாசலை மிதிக்கவில்லை.

காசாவில் அதே வாரம் அழுகை வேறு. 2023 அக்டோபரிலிருந்து அநேகமாக ஒவ்வொரு மாலையும் அங்குள்ள திருக்குடும்பப் பங்குக்கு போன் போட்டு, இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்கிற அளவுக்கு விசாரித்தவர். கடைசி அழைப்பு இறப்பதற்கு இரண்டு நாள் முன், சனிக்கிழமை. இஸ்ரேல் வெளியுறவுத் துறை சமூக வலைத்தளங்களில் போட்ட இரங்கலை சில மணி நேரத்தில் நீக்கிவிட்டது, அடக்கத்துக்கு வத்திக்கானுக்கான தன் தூதரை மட்டும் அனுப்பியது.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. இந்தியா மூன்று நாள் அரசு துக்கம் அறிவித்தது, குடியரசுத் தலைவர் முர்மு ரோமுக்குப் போனார். 2015 ஜனவரியில் இலங்கையின் மடு மாதா கோவிலுக்கு வந்து போரில் இரு பக்கமும் பறிகொடுத்த குடும்பங்கள் நடுவே நின்றவர் அவர். அவர் இறந்த ஏப்ரல் 21, இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பின் ஆறாம் நினைவு நாள். அன்று இறந்த கத்தோலிக்கர்களில் 167 பேர் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டதாக அதே நாளில்தான் கொழும்பில் அறிவித்தார்கள். குமரி மாவட்டத்து நட்டாலம் தேவசகாயத்துக்கு 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கொடுத்தவரும் இவரே, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்ட பிறகு. அந்த ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் பூலா அந்தோணி, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். நல்லதுதான். சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத் தோட்டம் இன்னும் நம்மூரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மேலே சொன்ன இரண்டு கணக்கும் இங்கேயும் சரியாகத்தான் வருகிறது.

அப்புறம்

மே 7-ல் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க 133 கர்தினால்கள் உள்ளே போனார்கள், பெரும்பாலோர் பிரான்சிஸ் நியமித்தவர்கள். மறுநாள் மாலை ராபர்ட் பிரிவோஸ்ட், லியோ என்ற பெயரில் மாடத்துக்கு வந்தார், பிரான்சிஸ் 2013-ல் வேண்டாம் என்று ஒதுக்கிய சிவப்புத் தோளங்கியைப் போட்டுக்கொண்டு. அந்தத் துணியை வைத்தே அன்றிரவு இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை வாசித்தன. இரண்டு நாள் கழித்து அவர் சாந்தா மரியா மஜ்ஜோரேவுக்குப் போய், கோணலாக எழுதிய அந்தப் பெயரின் மேல் ஒரு வெள்ளை ரோஜாவை வைத்துக் கும்பிட்டு வந்தார்.

பிரான்சிஸ் மேஜையில் விட்டுப் போன கோப்புகளில் ஒன்று மார்க்கோ ரூப்னிக்குடையது. இயேசு சபையில் இருந்த மொசைக் கலைஞர், பாலியல், ஆன்மிகச் சுரண்டல் என்று இருபதுக்கு மேற்பட்ட பெண்களின் புகாருக்கு ஆளானவர். காலாவதி விதியைத் தளர்த்தி விசாரிக்கச் சொல்லி பிரான்சிஸ் உத்தரவு போட்டது 2023 அக்டோபரில். அவர் சாகும்வரை விசாரணை தொடங்கவில்லை, அந்த ஆளின் படங்கள் வத்திக்கானின் செய்தித் தளத்தில் பண்டிகைக்குப் பண்டிகை வந்துகொண்டிருந்தன. 2025 ஜூனில் படங்கள் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டன. அக்டோபரில் ஐந்து நீதிபதிகளை நியமித்தார்கள்.